உரல் பாறையை மூடச் சொன்னவள்

எங்கள் அக்காவைப் பற்றி எழுத வேண்டும் என்று மூன்று முறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அவளைப் பெருமையாகச் சொல்லப் போனால் நான் செய்த தவறையும் சொல்லியாக வேண்டும். அதை விட்டுவிட்டு எழுதலாமா என்று யோசித்தேன். விட்டுவிட்டால் அவள் என்ன செய்தாள் என்பதே புரியாது. அதனால் இரண்டையும் எழுதுகிறேன்.

நாங்கள் பச்சைமலைக்காரர்கள். அரும்பாவூரைத் தாண்டிப் போகும் பஸ்ஸில் ஏறி அடிவாரத்தில் இறங்கினால், அதற்கு மேல் எங்கள் ஊருக்கு நடைதான். பதினேழு வீடு. சாதிச் சான்றிதழில் ‘மலையாளி’ என்று இருக்கும், பழங்குடி. பெரம்பலூரில் கல்லூரி விடுதியில் சேர்ந்த அன்று, அடுத்த கட்டில் பெண் என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, “கேரளாவா? அப்புறம் எப்படி இவ்ளோ நல்லா தமிழ் பேசுற?” என்று கேட்டாள். நான் அழுதுகொண்டே அக்காவுக்குப் போன் செய்தேன். “இதுக்கா அழுவுற? ஓணத்துக்கு வூட்டுக்குக் கூப்புடு. சாமைச் சோறு போட்டு அனுப்புவோம்” என்றாள்.

அவள் அப்படித்தான். நான் எதற்கு அழுகிறேனோ அதற்கு அவள் சிரிப்பாள். எனக்கும் அவளுக்கும் எட்டு வயது வித்தியாசம்.

அப்பா உழுகிற நிலம் எங்களுக்கு நிலம். சர்க்கார் காகிதத்தில் அது காடு. அப்பாவின் அப்பாவும் அங்கேதான் சாமை விதைத்தார். ஆனாலும் வனத்துறை ஆட்கள் வந்தால் அப்பா ஏரை நிறுத்திவிட்டு, திருடன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அக்கா பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் கலப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதைத் திருப்பிக் கேட்க அப்பா கீழே ஆபீசுக்குப் போனார். படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே ஒரு தாளை நீட்டி, கையெழுத்துப் போட்டால் கலப்பை கிடைக்கும் என்றார்களாம். அப்பாவுக்குத் தன் பெயரை எழுத வரும், அவ்வளவுதான். பேனாவை வாங்கிவிட்டார். அக்கா தாளைப் பிடுங்கி, அங்கேயே நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தாள்.

“அப்பா, இனிமே அந்தப் பக்கமே கால் வைக்க மாட்டேன்னு எழுதியிருக்கு. போடாதப்பா.”

அப்பா போடவில்லை. கலப்பையும் வரவில்லை. இந்தக் கதையை எங்கள் வீட்டில் எல்லோரும் கலப்பை போன கதையாகவே சொல்வார்கள். அக்கா மட்டும், “கையெழுத்து போவாத கத” என்பாள்.

அந்த வருடத்தோடு அவள் படிப்பு நின்றது. பிறகு தபாலில் பன்னிரண்டாவது முடித்தாள். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியதும் அவள்தான். தலைமுறை தலைமுறையாகக் காட்டில் விவசாயம் செய்கிறவர்களுக்கு நிலத்தில் உரிமை உண்டு என்று சட்டம் வந்துவிட்ட விஷயம் எங்கள் ஊருக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. கீழே ஏதோ கூட்டத்துக்குப் போனவள் அந்தச் சட்டத்தைத் தமிழில் போட்ட ஒரு சிறு புத்தகத்தோடு ஏறி வந்தாள். அன்றிலிருந்து அந்தப் புத்தகமும், படிவங்களும், எல்லா வீட்டு ரேஷன் கார்டு ஜெராக்ஸும் ஒரு மஞ்சள் துணிப்பையில் அவள் தோளிலேயே தொங்கின. மழைக்கு நனையாமல் உள்ளே உரச்சாக்கின் பிளாஸ்டிக் உறையைத் தைத்து வைத்திருந்தாள். கிராம சபையைக் கூட்டினாள். வன உரிமைக் குழு அமைத்தாள். பதினேழு வீட்டுக்கும் மனு எழுதினாள். திங்கட்கிழமை தவறாமல் பெரம்பலூர் கலெக்டர் ஆபீசில் மனு நாளுக்குப் போய் வரிசையில் நின்றாள்.

எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை, பக்கத்து நிலத்துக்காரி, வாய் சும்மா இருக்காது. அக்கா திங்கட்கிழமை காலையில் பையோடு இறங்கும்போதெல்லாம், “கலெக்டரம்மா டூட்டிக்குக் கெளம்பிட்டாங்க, வழிய விடுங்கடா” என்று சத்தம் போடும். அக்கா திரும்பிப் பார்க்காமல், “ஒங்க மனுவையும் சேத்துத்தான் தூக்கிட்டுப் போறேன் அத்தை. கனமா இருக்கு, கீழ போட்டுறவா?” என்பாள்.

முதல் தடவை கொடுத்த மனுக்கள் எல்லாம் போதிய ஆதாரம் இல்லை என்று திரும்பி வந்தன. ஊரில் பாதிப் பேர் அத்தோடு போதும் என்றார்கள். அக்கா மறுபடியும் வீடு வீடாகப் போனாள். அதற்குள் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. என் கணவரும் எங்கள் சனம்தான். அவருடைய அப்பா காலத்திலேயே மலையை விட்டு இறங்கிவிட்டார்கள். அவர் ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் எடுக்கும் இடத்தில் இயந்திரம் ஓட்டுகிறார். கல்யாணமான புதிதில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, அந்தப் பெரிய பள்ளத்தின் ஓரத்தில் நின்று வெகுநேரம் பார்த்தாள். “இங்க தரையத் தோண்டி எறங்கிக்கிட்டே போறாங்க. அங்க மேல இருக்கறவங்களப் புடிச்சு எறக்கப் பாக்குறாங்க. எல்லாரையும் ஏன்தான் கீழயே அனுப்புறாங்களோ” என்றாள். அவர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் அவர் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று இரண்டு நாள் கவலை.

கவலைப்படுவது என் சுபாவம். மகள் பிறந்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது. அவளுக்குப் பத்து மாதம் இருக்கும்போது சளி விடவே இல்லை. லாரிப் புழுதி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, கொஞ்ச நாள் வேறு இடத்தில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். மாமியாருக்கு மனசில்லை. “மலையில காய்ச்சல் வந்தா எங்க தூக்கிட்டு ஓடுவ?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். அந்தக் கேள்வியையும் சுமந்துகொண்டேதான் மலை ஏறினேன்.

மலைக்கு வந்த நாலாம் நாள் சளி விட்டது. குழந்தை தவழ ஆரம்பித்தாள். உடனே எனக்கு அடுத்த கவலை பிடித்துக்கொண்டது: உரல் பாறை.

எங்கள் ஊரில் ஒவ்வொரு நிலத்து ஓரத்திலும் தரையோடு தரையாக ஒரு பாறை இருக்கும். அதில் முழங்கை ஆழத்துக்குக் குழி இருக்கும். அதுதான் உரல். சாமையை அதில் போட்டு உலக்கையால் குத்தித்தான் உமி நீக்குவார்கள். இன்ன வீட்டுக்கு இன்ன குழி என்று உண்டு. ஒரு வீட்டுக் குழியில் இன்னொரு வீட்டுப் பெண் குத்துவதில்லை. கீழே மெஷின் வந்த பிறகு மூட்டையாகக் கட்டி அங்கே கொண்டுபோகிறோம். ஆனால் புதுச் சாமையில் முதல் படியை மெஷினுக்குக் கொடுக்க மாட்டோம். அதைப் பாறையில் குத்தித்தான் சாமிக்குப் பொங்கல் வைக்க வேண்டும். வருடத்தில் அந்த ஒரு நாள் தவிர மற்ற நாளெல்லாம் குழியில் மழைத் தண்ணீர்தான் நிற்கும். சிறு வயதில் நாங்கள் அதில் கையை விட்டுத் தலைப்பிரட்டை பிடிப்போம்.

இப்போது நான் அம்மா. தவழுகிற குழந்தை அந்தத் தண்ணீரில் தலைகீழாக விழுந்தால் சத்தம்கூடக் கேட்காது. குழந்தையை இடுப்பை விட்டு இறக்காமலே பத்து நாள் ஓட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் இரண்டாவது மனுக்களின் மேல் கூட்டு ஆய்வுக்கு நோட்டீஸ் வந்தது. வனத்துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து வந்து ஒவ்வொரு நிலமாகப் பார்ப்பார்கள். எவ்வளவு காலமாக விவசாயம் நடக்கிறது என்பதற்கு அடையாளம் இருக்கிறதா என்று எழுதுவார்கள். அதில் எழுதுவதை வைத்துத்தான் எல்லாம். இந்தத் தடவையும் போய்விட்டால் அப்பாவுக்கு இனி மனுப் போடத் தெம்பிருக்காது என்பது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் முட்டி போய்விட்டது. “பேப்பரப் பாத்துட்டுக் கண்ண மூடுனாப் போதும்” என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

அக்கா மலையின் அந்தப் பக்கத்து ஊர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நோட்டீசை என் கையில் கொடுத்தாள்.

“எல்லாருக்கும் படிச்சுக் காட்டு. வியாழக்கிழம காலைல அவங்கவங்க நெலத்துல நிக்கணும். அவ்ளோதான். நான் ஆபீசருங்களோட ஏறி வந்துடறேன்.”

அவ்ளோதான் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

படித்துக் காட்டினேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். “அப்புறம் என்ன பாப்பா பண்ணணும்?” என்று அப்பா கேட்டார். எனக்குக் கல்லூரி ஞாபகம் வந்தது. எங்கள் கல்லூரிக்கு ஆய்வுக் குழு வருகிறதென்றால் ஒரு வாரம் முன்பே உடைந்த பெஞ்சுகளைப் பின்பக்கம் ஒளித்து வைப்பார்கள், சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், நடைபாதை இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். ஆய்வு என்றால் அதுதான் என்று எனக்குத் தெரியும்.

“ஆபீசருங்க வர்றாங்க. நெலம் பாக்க லட்சணமா இருக்கணும். நாம நல்லா வெச்சிருக்கோம்னு தெரியணும்” என்றேன்.

எங்கள் ஆட்களுக்கு அதற்கு மேல் சொல்லவே வேண்டியதில்லை. சாமி கும்பிடுக்கு முன்னால் ஊரைத் துப்புரவு செய்வது மாதிரி இறங்கிவிட்டார்கள். பாசி பிடித்து, முள் படர்ந்து, தாத்தா காலத்திலிருந்து கிடந்த கல் வரப்புகளைப் பிரித்தார்கள். கற்களைக் கழுவி நூல் பிடித்த மாதிரி நேராக அடுக்கினார்கள். எங்கள் நிலத்தின் மூலையில் தாத்தாவின் பழைய காவல் குடிசைச் சுவர் இடுப்பளவுக்கு நின்றது. அசிங்கமாக இருக்கிறதென்று அதையும் இடித்து மண்ணை நிரவிவிட்டார்கள். யாரோ சுண்ணாம்பு வைத்திருந்தார்கள். வரப்புக் கல்லுக்கெல்லாம் வெள்ளை பூசினார்கள்.

அதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. நானே சொன்னேன்: “அந்தப் பாறைக் குழிங்களையும் மண்ணப் போட்டு மூடிருங்க. ஷூ போட்டுக்கிட்டு வர்றவங்க காலு கீலு மாட்டிச்சுன்னா நமக்குத்தான் கெட்ட பேரு.”

அதிகாரியின் கால் மீதிருந்த அக்கறையா அது? இல்லை. என் மகளை இடுப்பை விட்டு இறக்க வேண்டும் என்பதுதான் என் மனசில் இருந்தது. அதைச் சொல்லாமல் ஷூவைச் சொன்னேன்.

அத்தை மட்டும் மறித்தது. “சாமிக்குக் குத்துற குழிய மூடுவாங்களாடி?”

“ஒரு நாளைக்குத்தான் அத்தை. அப்புறம் எடுத்துக்கலாம்.”

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தது. “சரி, படிச்ச புள்ள சொல்லுது” என்று சொல்லிவிட்டு அதுவே ஒரு கூடை மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது. அன்று சாயங்காலம் மகளைப் பாறைமேல் இறக்கிவிட்டேன். மூடிய குழியின் மேல் உட்கார்ந்து கையைத் தட்டினாள். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

வியாழக்கிழமை காலை பனி விலகியதும் அவர்கள் ஏறி வந்தார்கள். ஒரு வனவர், ஒரு வருவாய் ஆய்வாளர், அளவெடுக்கும் கருவியோடு இன்னொருவர். பின்னால் அக்கா. எங்கள் நிலம்தான் முதல். நான் குழந்தையோடு வரப்பில் நின்று அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சபாஷ் சொல்வாள் என்று நினைத்தேன்.

மேட்டின் மேல் ஏறியதும் அவள் நின்றுவிட்டாள். வெள்ளை வரப்பைப் பார்த்தாள். சுவர் இருந்த மூலையைப் பார்த்தாள். பாறையைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன தப்பு என்று இன்னும் தெரியாது, தப்பு என்று மட்டும் தெரிந்துவிட்டது.

வனவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்ல வேண்டும். சுற்றிப் பார்த்துவிட்டு, வருத்தத்தோடுதான் கேட்டார்: “என்னம்மா இது? கல்லு எல்லாம் நேத்து வெச்ச மாதிரி இருக்கே?”

அப்பா பெருமையாகச் சொன்னார்: “ஆமாங்க சார். நேத்துதான் வெச்சோம்.”

“பழைய வரப்பு?”

“அதப் பிரிச்சுத்தாங்க இதக் கட்டுனோம்.”

“மனுவுல ஒரு பழைய சுவர் இருக்குன்னு எழுதியிருக்கே?”

“இருந்துச்சுங்க. அசிங்கமா இருந்துச்சு. இடிச்சாச்சு.”

வருவாய் ஆய்வாளர் பேனாவை எடுத்தார். “புதிதாகத் திருத்தப்பட்ட நிலம்” என்று அவர் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். அந்த மூன்று வார்த்தையும் நான் எழுதியவை மாதிரி இருந்தன. தலைமுறையாகக் கிடந்த அடையாளம் அத்தனையையும் இரண்டு நாளில் கழுவித் துடைத்துவிட்டோம். சொல்லிக் கொடுத்தவள் நான். குழந்தையை இறுக்கிப் பிடித்ததில் அவள் அழ ஆரம்பித்தாள்.

அக்கா துணிப்பையை இறக்கிப் பாறைமேல் வைத்தாள். “சார், ஒரு அரை மணி நேரம் உக்காருங்க. அம்மா டீ போட்டுக் கொண்டாருவாங்க. ஆய்வு இன்னும் முடியல.”

“இதுக்கு மேல பாக்க என்னம்மா இருக்கு?” என்றபடி வனவர் பாறைமேல் உட்கார்ந்தார்.

“நீங்க உக்காந்திருக்கற எடத்துக்குக் கீழ இருக்கு சார்.”

பிறகு அத்தை பக்கம் திரும்பினாள். “அத்தை, வூட்ல சாமை இருக்கா? குத்தாத சாமை?”

அத்தைக்குப் புரிந்துவிட்டது. அத்தை போட்ட சத்தத்தில் பதினேழு வீட்டுப் பெண்களும் உலக்கையோடு வந்தார்கள். “ஏ, எல்லாரும் அவங்கவங்க குழியத் தோண்டுங்கடி! நேத்து மூடுனதுதான, மண்ணு எளக்கமாத்தான் இருக்கும்!”

எங்கள் வீட்டுக் குழியை நான்தான் தோண்டினேன். குழந்தையை அப்பாவின் தோளில் உட்கார வைத்துவிட்டு, கொட்டாங்குச்சியால் மண்ணை வாரி வாரிப் போட்டேன். அம்மா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். மண் கரைந்து போனதும் பாறையின் உள்பக்கம் தெரிந்தது. கருப்பாக, வழவழவென்று, எண்ணெய் தடவிய மாதிரி. நான் சிறுமியாக இருந்தபோது கையை விட்ட அதே குழி. அடியில் என் விரல் பட்ட அதே வழுக்கல்.

அக்கா வனவரைக் கூப்பிட்டாள். “சார், சட்டைக் கைய மடிச்சுக்கங்க. உள்ள வுட்டுப் பாருங்க.”

அவர் தயங்கினார். பிறகு மண்டியிட்டுக் கையை விட்டார். முழங்கை வரைக்கும் போயிற்று. சுற்றிலும் தடவிப் பார்த்தார். “இது உளியால வெட்டுனது இல்லையே” என்றார், தனக்குத்தானே சொல்கிற மாதிரி.

“உளியா? எங்கம்மாவுக்கு மாமியா, அவளுக்கு மாமியா குத்துனது சார்” என்றது அத்தை. “உலக்கை தேஞ்சு தேஞ்சு குழியாச்சு. இதையும் போன மாசம் திருத்துனதுன்னு எழுதிருங்க. நாங்க ரெண்டு நாள்ல இதக் குத்தி எறக்கிட்டோம்னா எங்களக் கல்லு ஒடைக்கற கம்பெனியில சேத்துவுட்ருங்க.”

அளவெடுக்க வந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். வனவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குள் அம்மா குழியைத் துடைத்துச் சாமையைப் போட்டாள். அம்மாவும் அத்தையும் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் குத்தினார்கள். பொதுவாக ஒரு வீட்டுக் குழியில் இன்னொரு வீட்டுக்காரி உலக்கை போடுவதில்லை என்று சொன்னேன் அல்லவா? அத்தை இந்த வீட்டில் பிறந்தவள், அதனால் பரவாயில்லை என்று அதுவே சொல்லிக்கொண்டது. உலக்கை விழுகிற சத்தம் அடுத்தடுத்த நிலங்களிலிருந்தும் கேட்க ஆரம்பித்தது. எந்தக் குழி யாருடையது என்று ஆண்கள் சிலருக்கு மறந்தே போயிருந்தது. பெண்கள் ஒருத்தர்கூடத் தடுமாறவில்லை. நேராகப் போய் அவரவர் குழியில் நின்றார்கள்.

அக்கா புத்தகத்தைப் பிரித்து வருவாய் ஆய்வாளர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவே இல்லை. “கட்டடம், வரப்பு மட்டுமில்ல சார். காலங்காலமா இருக்கற அமைப்பு, சாமி சம்பந்தப்பட்ட எடம், இதெல்லாமும் ஆதாரம்னு விதி இருக்கு. பெரியவங்க வாக்குமூலத்தையும் எழுதிக்கலாம். இதோ.” பக்கத்தைக் காட்டினாள். “வரப்பு புதுசுன்னு நீங்க எழுதுனது சரிதான். அத அடிக்க வேணாம். அதுக்குக் கீழ, நெலத்து ஓரத்துல பாறை உரல் இருக்கு, இவ்ளோ ஆழம், உள்பக்கம் தேஞ்சிருக்குன்னு இதையும் எழுதுங்க. ரெண்டும் உண்மதான?”

அவர் சிறிது நேரம் அந்தப் பக்கத்தைப் படித்தார். பிறகு எழுதினார். ஒவ்வொரு நிலத்துக்கும் குழியின் ஆழத்தை அளந்து எழுதினார். பதினேழு குழி. ஒவ்வொன்றின் முன்னாலும் அந்த வீட்டுப் பெண்ணை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். முடிவதற்குள் சாயங்காலமாகிவிட்டது. எழுதியதை அக்கா வாசித்துப் பார்த்த பிறகுதான் குழுவின் சார்பில் கையெழுத்துப் போட்டாள். அதற்குள் நடந்ததை அத்தை வாயால் கேட்டுவிட்டிருந்த வனவர், கிளம்பும்போது, “உங்க தங்கச்சியா இது? நல்லா வெள்ளையடிக்க வெச்சிருக்காங்க” என்றார். கேலியா பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு நான் அக்காவிடம் போய் நின்றேன். பாறைக் குழியை ஏன் மூடச் சொன்னேன் என்று உண்மையைச் சொன்னேன். அழுதேன்.

“பயம் வரத்தான் செய்யும். சின்னக் கொழந்த” என்றாள். “மூடச் சொன்னதுக்குப் பதிலா மூடி போடச் சொல்லியிருக்கலாம்.” பாறைமேலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, “ஆனா ஒண்ணு. நான் பத்து வருஷமா கத்துறேன், இவனுங்க ஒரு நாள் சேந்தாப்ல வந்து வேல செஞ்சதில்ல. நீ ஒரு வார்த்த சொன்ன, ரெண்டு நாள்ல ஊரையே திருப்பிப் போட்டுட்டானுங்க. ஒன்னயத்தான் தலைவராப் போடணும்” என்றாள். நான் அழுகையோடு சிரித்தேன்.

மறுநாள் அப்பா ஒரு பலகைக் கல்லைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுக் குழியின் மேல் மூடியாக வைத்தார். தள்ள இரண்டு ஆள் வேண்டும். என் மகள் மலைக்கு வந்தால் இப்போதும் அதன் மேல்தான் உட்காருகிறாள்.

அந்த ஆய்வுக்குப் பிறகு எத்தனையோ திங்கட்கிழமைகள் போயின. கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர ஒவ்வொரு தடவையும் அக்கா போய் நிற்க வேண்டியிருந்தது. கடைசியில் போன் வந்தது. பெரம்பலூருக்கு எல்லோரும் வரச் சொன்னார்கள். நான் ஆலத்தியூரிலிருந்து நடக்கப் பழகிவிட்ட மகளோடு பஸ் ஏறினேன். மாமியாரும் கூட வந்தார். “நானும் பாக்கணும்ல” என்றார்.

ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டு உரிமைப் பத்திரத்தைக் கொடுத்தார்கள். சட்டப்படி புருஷன், பெண்டாட்டி இரண்டு பேர் பெயரும் இருக்க வேண்டும். அம்மாவின் பெயர் நிலத்துக் காகிதத்தில் வருவது அதுவே முதல் தடவை. அம்மா அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது நானா?” என்று கேட்டாள். அப்பா காகிதத்தை வாங்கிக்கொண்டு கையைக் கட்டாமல் நின்றார். ஒரு அதிகாரிக்கு முன்னால் அப்பா கையைக் கட்டாமல் நின்று நான் பார்த்ததே இல்லை.

அக்கா மேடைப் பக்கமே வரவில்லை. அவள் பெயரில் நிலம் இல்லை. அவள் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. கடைசி வரிசையில் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடக் கூப்பிட, தன் நோட்டில் டிக் அடித்துக்கொண்டிருந்தாள். பதினேழாவது டிக்கை என் மகளின் கையில் பேனாவைக் கொடுத்து அடிக்க வைத்தாள். அந்தக் கிறுக்கல் இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியாரிடம், “எங்க அக்கா” என்றேன். அவருக்குத் தெரியும்தான். இருந்தாலும் சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும்போது அப்பா பத்திரத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மறுபடியும் வாசிக்கச் சொன்னார். இரண்டாவது தடவை வாசிக்கும்போதுதான் கவனித்தேன்: பரப்பு குறைவாக இருந்தது. நாங்கள் ஒரு பக்கம் விதைத்தால் இன்னொரு பக்கத்தைச் சும்மா ஆறப் போடுவோம். அப்படிப் போட்டிருந்த மேல் பக்கத்தைக் காடு என்று விட்டுவிட்டார்கள். சொல்லலாமா, அப்பாவின் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டுமா என்று எனக்குள் ஒரே குழப்பம். நான் நிறுத்திய இடத்தை அக்கா பார்த்துவிட்டாள்.

“கொறச்சிருக்காங்களா?”

“ஆமா.”

“மேல் பக்கம்தான?”

“ஆமா.”

“நானும் பாத்துட்டேன். அப்பா இன்னிக்கு ஒரு நாள் சந்தோஷமா இருக்கட்டும்னு பேசாம இருந்தேன்” என்றாள்.

அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “அப்ப அதுக்கும் ஒரு மனு எழுதிருங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார். முகம் வாடவில்லை.

மூன்றாம் நாள் மலையில், எங்கள் வீட்டு வாசலில், அக்கா வெள்ளைத் தாளையும் பேனாவையும் என்னிடம் நீட்டினாள். “மேல்முறையீட்ட நீ எழுது. ஒன் கையெழுத்து நல்லா இருக்கும். நெலத்த ஏன் ஆறப் போடுறோம்னு எழுது. அவ்ளோதான். அதுக்கு மேல எதுவும் செஞ்சுறாத.”

அத்தை பக்கத்திலிருந்து, “சுண்ணாம்பு வேணுமாடி?” என்று கேட்டது.

எழுதினேன். இரண்டு தடவை கிழித்துப் போட்டுவிட்டு மூன்றாவது தடவை எழுதியதைத்தான் கொடுத்தேன். நான் படித்தவள், அவளுடைய தங்கை, எல்லாம் சரிதான். ஆனாலும் அக்கா அதை அப்படியே அப்பாவிடம் கொடுத்துவிடவில்லை. வெளிச்சத்தில் பிடித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், உதடு அசைய, நிதானமாக வாசித்தாள். ஒரு இடத்தில் நின்றாள். பிறகு மேலே போனாள்.

முடித்ததும் தாளை அப்பாவிடம் கொடுத்தாள்.

“கையெழுத்து போடலாம்ப்பா” என்றாள்.